அறுபத்தெட்டாம் படியில் என்ன இருக்கிறது?

பதினெட்டாயிரத்து நானூற்று நாற்பது.

அதற்குக் கீழே ‘பாக்கி’ என்று ஒரு சொல். யார் தரவேண்டும், யாருக்கு, எதற்கு, ஒன்றும் கிடையாது. ஆற்றுப் பாலத்து முகப்புத் தூணில் மஞ்சள் சாக்பீஸால் எழுதியிருந்தது. ஒன்பது நாளாகத் தினமும் எழுதப்படுகிறதாம். துப்புரவு ஆட்கள் துடைத்துவிட்டுப் போனால் மறுநாள் காலையில் மறுபடி அதே இடத்தில் நிற்கிறதாம். பாலத்தில் மட்டுமல்ல. பழைய நாணயசாலை, நீதிமன்ற வாசல், கோட்டைப் படிக்கட்டு என்று மொத்தம் நாலு இடத்தில்.

மேஸ்திரி அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு அதற்கு எதிரே நின்று பேசிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தார். எண்ணிலாவது ஒரு கணக்கு இருந்தது. மனிதரிடம் அதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

மனிதர் வழிகாட்டி. ஊர் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, இது அது, அது இது என்று காட்டிப் பிழைக்கிறவர். வெள்ளைத் தொப்பி, இடுப்பில் ஒரு பை, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்த சிவப்புக் குடை. வெயிலுக்கும் இல்லை, மழைக்கும் இல்லை. பின்னால் வருகிற பத்தொன்பது பேர் தொலைந்து போகாமல் இருப்பதற்கு. அந்தப் பத்தொன்பது பேரோடு இருபதாவதாக மேஸ்திரியும், இருபத்தோராவதாக அவருடைய மச்சினனும் நின்றார்கள்.

மேஸ்திரி துப்பறிகிறவர். அதற்கு முன்னால் கட்டட மேஸ்திரி. அதற்கும் முன்னால் பதினாறு வருஷம் செங்கல் சுமந்தவர். ஒரு முதலாளி சிமெண்டில் மண்ணைக் கலந்ததைச் சுவரைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துச் சொன்னதில் அந்த வேலை போய் இந்த வேலை வந்தது. சுமந்து பிழைப்பவனை அவருக்குப் புரியும். திருடிப் பிழைப்பவனைக்கூடப் புரியும். அவனும் இரவெல்லாம் கண் விழிக்கிறான். வாயை மட்டும் ஆட்டிப் பிழைப்பவனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

மச்சினன் அவருடைய மனைவியின் தம்பி. முப்பத்துநாலு வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். சம்பளம் கேட்காத ஆள் என்பதால் உதவியாளர் ஆனான். வாயை மூடத் தெரியாதவன் என்பதால் பாதி நேரம் உபத்திரவமாகவும் இருந்தான்.

“மாமா, இதப் படிச்சீங்களா?” அவன் கையில் வழிகாட்டியின் விளம்பரத் தாள். “‘நடமாடும் வரலாறு. இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். நான்கு மொழிகள். பழைய ஆவணங்களில் நேரடி ஆய்வு.’ ஆளுக்கு என்ன வயசு இருக்கும்?”

“முப்பத்தாறு.”

“அப்ப பதினாலு வயசுலயே ஆய்வுல எறங்கிட்டார். எனக்கு அந்த வயசுல ஏழாம் வாய்ப்பாடே பெரிய ஆய்வா இருந்துச்சு.”

வழிகாட்டி அவர்களை வரவழைத்தது முந்தின நாள். பேச்சு சுருக்கம்தான். மறுநாள் மாலை நாலு மணிக்கு நகராட்சியின் சுற்றுலாக் குழு வருகிறது, அதில் ஒருவர் இன்ஜினியர். அவரோடு கோட்டையைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு முதல்தர வழிகாட்டி பேட்ஜ் கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்லும். பேட்ஜ் கிடைத்தால் பெரிய ஹோட்டல்காரர்கள் எல்லாரும் இவரைத்தான் கூப்பிடவேண்டும். அந்த நேரத்தில் இந்த மஞ்சள் எண்; ஒன்பது நாளாகத் தூக்கம் இல்லை என்கிறார். யாருக்கும் காலணா பாக்கி இல்லை என்கிறார். எழுதுகிற ஆளைக் கண்டுபிடித்து, கோட்டை நிர்வாகத்துக்கு ஒரு புகார்த் தாளில் எழுதி மேஸ்திரியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடவேண்டும். பழைய சின்னத்தைக் கெடுத்த குற்றம். தாளைக்கூடத் தயாராகக் கொடுத்திருந்தார். அதில் அவர் பெயர் மட்டும் எங்கேயும் வரக்கூடாது.

“இந்தப் பாலம்,” என்று வழிகாட்டி குரலை உயர்த்தினார், “ஏழு வளைவு. ஆனால் வரைபடத்தில் எட்டு. எட்டாவது வளைவு எங்கே போயிற்று?”

கூட்டம் வாயைப் பிளந்தது. மேஸ்திரி கரையைப் பார்த்தார். எட்டாவது வளைவு சாலையை அகலப்படுத்தியபோது மண்ணுக்குள் போயிருக்கிறது. உண்மைதான். வழிகாட்டியும் அதையே சொன்னார். மேஸ்திரிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இவன் பொய்யனாக இருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

நடந்தார்கள். வழிகாட்டி கூட்டத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து பேசினார். அது அந்தத் தொழிலின் வித்தை என்று தாளில் போட்டிருந்தது. நாணயசாலைத் திருப்பத்தில் தபால் பெட்டியில் போய் முதுகை இடித்துக்கொண்டார்.

“இருபத்திரண்டு வருஷமா நடக்கற தெரு,” என்றான் மச்சினன். “பாவம், தபால் பெட்டி நேத்துதான் வந்திருக்கும்.”

மேஸ்திரி சிரிக்கவில்லை. நாணயசாலையின் எதிர்ச்சுவரில் அதே எண். நீதிமன்ற வாசலில் எதிர்த் தூணில் அதே எண். இரண்டு இடத்திலும் கூட்டத்தில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் வழிகாட்டியைப் பார்த்து நின்றார்கள். எண் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

“மச்சான், ஒருத்தன மானங்கெடுக்கணும்னா எங்க எழுதுவ?”

“அவன் வீட்டுக் கதவுல. இல்ல, அவன் நிக்கற எடத்துக்குப் பின்னால. பாக்கறவங்க எல்லாரும் பாக்கற மாதிரி.”

“இது எங்க இருக்கு?”

மச்சினன் திரும்பிப் பார்த்தான். வழிகாட்டி நிற்கிற இடம், கூட்டம் நிற்கிற இடம், எண் இருக்கிற சுவர். கண்ணால் ஒரு கோடு இழுத்தான்.

“இவரு ஒருத்தர் கண்ணுக்குத்தான் படும்.”

“ஊருக்குச் சொல்ல எழுதல. இவருக்குச் சொல்ல எழுதிருக்கு. அதுலயும் பாரு, நாலு எடத்துலயும் இவரு கண்ணு நேரா போய் விழற எடம். கூட்டத்துல நின்னு வேடிக்க பாத்தவனுக்கு இது தெரியாது. கூட்டத்தப் பாத்து நின்னவனுக்குத்தான் தெரியும்.”

“இன்னொரு வழிகாட்டியா?”

“இந்த ஊர்ல இன்னொரு குடைக்காரன் இருக்கான்,” என்றார் மேஸ்திரி, பல் வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. “ஒண்ணே தாங்கல.”

*

கோட்டைக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. வாசலில் ஒரு பக்கம் நுழைவுச்சீட்டு ஜன்னல், மறுபக்கம் பை வைக்கிற அறை. மேலே பையோடு போகக்கூடாது. மேஸ்திரியின் சாப்பாட்டுப் பையை மச்சினன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு டோக்கனோடு ஓடி வந்தான். ஏற ஆரம்பித்தார்கள்.

வழிகாட்டி மான் மாதிரி ஏறினார். அதை மேஸ்திரி ஒத்துக்கொண்டார். நீளக் கால், வயது இருக்கிறது, சுமை இல்லை. நாற்பதாம் படியில் மச்சினனுக்கு மூச்சிரைத்தது. அறுபதாம் படியில் அவன் பேச்சே நின்றது. அந்தக் கோட்டைக்கு அப்படி ஒரு நன்மை.

அறுபத்தெட்டாம் படியில் வழிகாட்டி சட்டென்று நின்றார்.

அங்கே ஒன்றுமில்லை. வளைவு இல்லை, ஜன்னல் இல்லை, கல்வெட்டு இல்லை. இடப்பக்கம் வெறும் சுவர். அதில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. படிக்கட்டின் வலப்பக்கக் கைப்பிடிக் கல்லில், வழிகாட்டியின் கண்ணுக்கு நேராக, மஞ்சள் எண். வழிகாட்டி ஒரு வினாடி அதைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டு குரலை இறக்கினார்.

“இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை. முற்றுகை. தளபதியின் மகள் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். பீரங்கிக் குண்டு ஒன்று…” அந்த ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டுக் காட்டினார். “சீப்பு மட்டும் கிடைத்தது.”

கூட்டத்தில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலைந்து பேர் படம் எடுத்தார்கள். கதை முழுதாக இரண்டு நிமிஷம். முடிந்ததும் கூட்டம் மேலே போயிற்று.

மேஸ்திரி போகவில்லை. ஓட்டைக்குள் கையை விட்டார். நாலு பக்கமும் சதுரமாக, பூசி வைத்த மாதிரி இருந்தது. நாலடி தள்ளி அதே உயரத்தில் இன்னொன்று. அதற்கு அப்பால் இன்னொன்று.

“ஏன் மச்சான், பீரங்கிக்காரன் நூல் பிடிச்சு, நாலடிக்கு ஒண்ணாவா சுட்டான்?”

“அப்ப இது என்னது மாமா?” மச்சினன் உட்கார்ந்திருந்தான்.

“சாரக் கழி சொருகற ஓட்டை. சுவர் கட்டறப்ப சாரம் கட்டி, முடிச்சதும் கழிய உருவிட்டுப் போயிடுவாங்க. நானே ஆயிரம் ஓட்டை விட்டிருக்கேன். எந்த மகளும் சாகல.”

“ஆக, புளுகு.”

“புளுகுதான். ஆனா ஏன் இங்க புளுகணும்? பாலத்துல சொன்னது நெசம். நாணயசாலையில சொன்னது நெசம், அந்தச் செங்கல் அந்தக் காலத்துதான். நீதிமன்றத்துல சொன்னதும் நெசம். மனுசன் நூறு நெசத்த வச்சுக்கிட்டு, ஒண்ணுமே இல்லாத எடத்துல வந்து நின்னு எதுக்குப் பொய் சொல்றான்?”

சொல்லிக்கொண்டே சுவரைத் தடவினவர் கை ஒரு இடத்தில் நின்றது. ஓட்டைக்குக் கீழே, அவருடைய நெஞ்சு உயரத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கல் கறுத்து வழவழவென்று இருந்தது. எண்ணெய் குடித்த மாதிரி. ஒரு நாள் இரண்டு நாள் பழக்கம் இல்லை. வருஷக் கணக்காக ஒரே கை, ஒரே இடத்தில் ஊன்றி நின்றிருக்கிறது.

வழிகாட்டி நெட்டை. அவர் கை ஊன்றினால் ஓரடி மேலே ஊன்றுவார். அதுவும் அவர் ஊன்றவே இல்லை. ஊன்ற அவருக்கு அவசியமும் இல்லை.

மேஸ்திரிக்குப் பழைய ஞாபகம் வந்தது. மூன்றாம் மாடிக்குச் செங்கல் ஏற்றும்போது எல்லாரும் ஒரே படியில்தான் நிற்பார்கள். அந்தப் படியில் பார்க்க ஒன்றும் இருக்காது. கண் நிற்கிற இடம் வேறு, உடம்பு நிற்கிற இடம் வேறு.

“மச்சான், எழுந்திரு. நீ இப்ப ஏன் இங்க உக்காந்த?”

“முடியல மாமா.”

“அதேதான். முடியாத ஒருத்தர் இங்க நின்னிருக்கார். முட்டி போனவர், குட்டையானவர். பின்னால கூட்டம் நிக்குது. முட்டி வலிக்குது, கொஞ்சம் இருங்கனு சொன்னா தொழில் கெட்டுப்போயிடும். அதனால கையச் சுவர்ல ஊனிக்கிட்டு ஒரு கதை. ரெண்டு நிமிஷம் வலி அடங்கற வரைக்கும் தளபதி மக தலை வாருறா. இந்தக் குடைக்காரன் அந்த ஆள்கிட்டப் பாடம் கேட்டவன். வார்த்தைய மட்டும் இல்ல, வலியையும் சேத்து மனப்பாடம் பண்ணிட்டான். எதுக்கு நிக்கறோம்னு தெரியாமயே நிக்கறான்.”

மச்சினன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். “எங்க ஊட்டுக்காரி அவங்கம்மாகிட்ட சமையல் கத்துக்கிட்டா. அவங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாது, உப்ப ரெண்டு தடவ போடுவாங்க. இவளும் ரெண்டு தடவ போடறா.”

“முதல் தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லிருக்க. எறங்கு.”

“மேல இன்னும் நாப்பத்துநாலு படி இருக்கே. பாக்க வேணாமா?”

“ஏறி? முட்டி போன வழிகாட்டி இனி ஏறமாட்டார். உக்காந்து பொழைக்கற எடத்துல இருப்பார். கோட்டையில உக்காந்து செய்யற வேலை எத்தன?”

மச்சினன் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தான். பிறகு மேஸ்திரியைப் பார்த்தான். “சீட்டுக் குடுக்கற ஜன்னல். அப்பறம் பை வைக்கற ரூம்.”

“நீ குடுத்த பையில என்னத்தால நம்பர் போட்டாங்க?”

“மஞ்சள் சாக்பீஸ்,” என்றான் அவன். இறங்க ஆரம்பித்தான்.

*

பை அறையில் இரும்பு அடுக்குகள். முன்னால் ஒரு மரப்பலகை. அதற்குப் பின்னால் ஸ்டூலில் ஐம்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், குட்டை, ஒரு காலைக் கவிழ்த்த பெட்டிமேல் நீட்டி வைத்திருந்தார். காதில் மஞ்சள் சாக்பீஸ் சொருகியிருந்தது. மேஸ்திரியின் சாப்பாட்டுப் பையில் முப்பத்தேழு என்று எழுதியிருந்தது, அதே மஞ்சளில்.

“பாதியிலயே எறங்கிட்டீங்க,” என்றார் அந்தப் பைக்காரம்மா, நிமிராமல். “பின்னால நிக்கற தம்பி அறுபத்தஞ்சுக்கு மேல தாங்கமாட்டார்னு ஏறுறப்பவே தெரியும். செருப்பு குதி தேய்ஞ்சிருக்கு. நீங்க ஏறியிருப்பீங்க. சுமை தூக்கின தோள்.”

“செருப்புக்குமா வரலாறு இருக்கு?” என்றான் மச்சினன்.

“முதல்ல அதத்தான் பாக்கணும். இருபது பேர் வந்தா யார் மயக்கம் போடுவாங்க, யார் பொண்டாட்டியோட பேசாம வந்திருக்காங்க, யார் கடைசியில காசு குடுக்காம நழுவுவாங்க, இவ்வளவும் மொத பத்து அடியில தெரிஞ்சாகணும். கோட்டையப் பத்தித் தெரியறது அதுக்கப்பறம்.”

மேஸ்திரி புகார்த் தாளை எடுத்துப் பலகைமேல் வைத்தார். அம்மாள் எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தார். முகம் மாறவில்லை.

“நாந்தான் எழுதறேன். பாலத்துல பஸ் எறங்குவேன், வர்ற வழிதான் மூணும். இந்தப் படிதான் சிரமம். கதவு திறக்கறதுக்கு முன்னால ஏறி எறங்க முக்கால் மணி நேரம் ஆகும். எழுதிக்கங்க.”

“எதுக்கு பதினெட்டாயிரத்து நானூத்தி நாப்பது?”

“நானூத்தி அறுபத்தோரு கதை. கதைக்கு நாப்பது.”

பிறகு கேட்காமலேயே சொன்னார். சொல்லிப் பழகின வாய். இருபத்தாறு வருஷம் வழிகாட்டி. தொடக்கத்தில் ஒரு விடுதியில் அறை துடைக்கிற வேலை. வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டே மூன்று மொழி. நாலாவது மொழி, துணி துவைக்கிற இடத்தில் சண்டை போட்டுக் கற்றது. கோட்டைப் பதிவேடுகளைப் படிக்க அனுமதி கேட்டு ஆறு வருஷம் அலைந்திருக்கிறார். கடைசியில் குமாஸ்தாவே சலித்துப்போய், சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாராம். தினமும் அந்த ஒரு மணி நேரம்தான் படிப்பு. பின்பக்கமாகவே நடந்து, பின்பக்கமாகவே படி இறங்கி, முட்டி தேய்ந்துபோனது. முட்டி போனதும் பேட்ஜைப் புதுப்பிக்கவில்லை. இந்த ஸ்டூலைக் கொடுத்தார்கள்.

“இவரு அப்ப என்ன பண்ணிட்டிருந்தாரு?” என்றார் மேஸ்திரி.

“எதிர்ல கம்பளக் கடை இருக்குதே, அதுக்கு ஆள் பிடிச்சு விட்டுட்டிருந்தான். ரெண்டு வருஷம் முன்னால வந்து, அம்மா கத்துக்குடுங்க, கதைக்கு நாப்பது தரேன்னான். சாயங்காலம் சாயங்காலம் இதே பலகை. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டான். நான் தேதியும் தலைப்பும் நோட்டுல குறிச்சேன். நானூத்தி அறுபத்தொண்ணு முடிஞ்ச அன்னைக்கு, அடுத்த மாசம் தரேன்னான். அப்பறம் என்னைப் பாத்தா வானத்தப் பாக்க ஆரம்பிச்சுட்டான்.”

“கையெழுத்து வாங்கலையா?” என்றான் மச்சினன்.

“படிச்சவன்கிட்ட கையெழுத்து கேட்டா கோவிச்சுக்குவான். படிக்காதவன் பரவால்ல, கைநாட்டு வச்சுட்டுப் போவான்.”

மேஸ்திரி ஒன்றை மட்டும் கேட்டார். “கூட்டம் பாக்கற மாதிரி எழுதியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பானே.”

அம்மாள் முதல் தடவையாக நிமிர்ந்தார். அந்தப் பார்வையில் ஏளனம் இருந்தது. மேஸ்திரிக்குத் தெரிந்த ஏளனம். கட்டடத்தில் புதிதாக வந்தவன் சாந்துச் சட்டியைத் தலைகீழாகப் பிடித்தால் அவர் பார்க்கிற பார்வை அது.

“காசு குடுத்து ஊர் பாக்க வந்தவங்க. எங்க ரெண்டு பேர் கடனப் பாக்க வரல. நடக்கறப்ப நடுவுல அவங்க மனச ஒடைச்சா, அது என்ன தொழில்?”

மேஸ்திரி புகார்த் தாளை எடுத்து மடித்துக்கொண்டார். வாய் ஆட்டிப் பிழைக்கிறவர்கள் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டு நடந்த சொல் இந்தம்மாவுக்குப் பொருந்தவில்லை.

“தாளக் குடுத்துடுவீங்க இல்ல?” என்றார் அம்மாள், சாக்பீஸை மறுபடி காதில் சொருகிக்கொண்டே. “குடுங்க. தினக்கூலி வேலைதான். இந்த ஸ்டூல் போச்சுன்னா வேற ஸ்டூல் எனக்கு இல்ல. மருமகன் வீட்டுல இருக்கேன். மாசம் பொறந்ததும் எண்ணி வைக்கலைன்னா அங்க தட்டு வைக்கற சத்தம் மாறும். இருந்தாலும் எழுதினது நான்தான். இல்லைனு சொல்லமாட்டேன்.”

*

மூன்று மணிக்கு வழிகாட்டி இறங்கி வந்தார். கூட்டத்தைக் கம்பளக் கடைக்குள் விட்டுவிட்டு, கமிஷனை இடுப்புப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டே பலகைப் பக்கம் வந்தார். பலகைக்குப் பின்னால் ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படவில்லை. வானம் பட்டது.

“என்ன மேஸ்திரி, ஆச்சா?”

“ஆச்சு சார். ஆள் கெடைச்சாச்சு.”

“பிரமாதம். எழுதிக் குடுத்துடுவீங்களா? நாலு மணிக்கு முன்னால நிர்வாகத்துக்குப் போயிட்டா நல்லது.”

மேஸ்திரி அவரைப் பார்த்தார். சுவரைத் தட்டுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். கணீர் என்று வரவேண்டிய சத்தம் வருகிற இடத்தில் கல் இருக்கிறது. வரவேண்டிய சத்தம் வராத இடத்தில்தான் பொந்து.

“மச்சான்,” என்றார். “பர்ஸைத் திருடினவன் கெடைச்சுட்டான்னு உன்கிட்ட சொன்னா மொதல்ல என்ன கேப்ப?”

“யாரு அந்தப் பயனு கேப்பேன்.”

“சார் கேக்கல.”

வழிகாட்டியின் கை ஜிப்பின் மேலேயே நின்றது.

“ஒன்பது நாளா தூக்கம் இல்லைன்னீங்க. ஆள் கெடைச்சாச்சுன்னு சொல்றேன். யாருனு கேக்கத் தோணல. எழுதிக் குடுப்பியானு கேக்கறீங்க. ஏன்னா யாருனு மொத நாளே உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு வேண்டியது துப்பு இல்ல, கையெழுத்து. நீங்களே புகார் குடுத்தா, அந்தம்மா எதுக்கு பதினெட்டாயிரம் கேக்குதுனு நிர்வாகம் திருப்பிக் கேக்கும். எவனோ ஒரு மேஸ்திரி குடுத்தா கேக்காது. ஸ்டூல் காலி, கடனும் காலி.”

“அடிச்ச பாம்பையே தூக்கிப்போட ஆள் வச்சிருக்கார் மாமா,” என்றான் மச்சினன். “அதுவும் நம்மள.”

வழிகாட்டி குரலை மாற்றினார். பாலத்துக் குரல் இல்லை, கம்பளக் கடைக் குரல். “இங்க பாரு. உனக்குக் காசு குடுத்தது நான்.”

“யாருனு கண்டுபிடிக்கக் குடுத்தீங்க. கண்டுபிடிச்சாச்சு. தாள் வேணுமா? தாராளமா எழுதறேன். யார் எழுதினா, எதுக்கு எழுதினா, எவ்வளவு நாளா பாக்கி, மூணும் ஒரே தாள்ல வரும். ஒண்ண மட்டும் தனியா எழுத எனக்குத் தெரியாது.”

“இந்த அம்மா சொல்றதுக்கு என்ன சாட்சி? நோட்டா? யார் வேணா நோட்டுல கிறுக்கலாம். எல்லாமே நான் ஆவணத்துல தேடி எடுத்தது.”

“நல்லது. நாலு மணிக்குக் குழு வருது, நானும் பின்னால வரேன். ஒரே ஒரு கேள்வி கேப்பேன். அறுபத்தெட்டாம் படியில ஏன் நின்னீங்க?”

“குண்டு விழுந்த…”

“சாரக் கழி ஓட்டை அது. குழுவுல ஒருத்தர் இன்ஜினியர்னு நேத்து நீங்களே பெருமையா சொன்னீங்க. ஓட்டையத் தடவிப் பாத்தா அவருக்கே தெரியும். அப்பறம் ஆவணத்தக் காட்டுனு கேப்பார். எந்த ஆவணத்துல இருக்கு?”

வழிகாட்டி வாயைத் திறந்தார். நாலு மொழியில் ஒன்றிலும் பதில் வரவில்லை. அப்போதுதான், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, பலகைக்குப் பின்னால் இருந்த மனுஷியை நேராகப் பார்த்தார்.

“அந்தக் கதை நெசம் இல்லையா?”

“முட்டி வலிச்சது,” என்றார் பைக்காரம்மா. “சொன்னேன்.”

“என்கிட்ட நீங்க சொல்லவேயில்லையே.”

“நீ கேக்கவேயில்லையே. எழுதிக்கிட்டே இருந்த.”

“மணி மூணு பத்து,” என்றான் மச்சினன், கடிகாரம் இல்லாத கையைப் பார்த்து. “கம்பளக் கடைக்காரர் கடன் குடுப்பாரா பாருங்க சார். உங்ககிட்ட ஆள் பிடிக்கற அனுபவம்தான் நெசமா இருபத்திரண்டு வருஷமாச்சே.”

வழிகாட்டி இடுப்புப் பையைத் திறந்தார். எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள் காசு எடுக்கிற அழகு பார்க்கவேண்டியது. ஒவ்வொரு நோட்டும் தோலோடு பிய்ந்து வந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் குறைந்தது. கம்பளக் கடைக்கு ஓடினார். குடையை உயர்த்தாமல் அவர் ஓடியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மூன்றரைக்கு வியர்வையோடு திரும்பி வந்து, பணத்தைப் பலகைமேல் வைத்தார். வைத்தார் என்பதைவிட எறிந்தார் என்று சொல்லலாம்.

பைக்காரம்மா அவசரப்படவில்லை. நடுவில் இரண்டு பேர் பை வாங்க வந்தார்கள். அவர்களுக்குப் பையைக் கொடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பதினெட்டாயிரத்து நானூற்று நாற்பது சரியாக இருந்தது. அதிலிருந்து இரண்டு இருபதை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

“இது என்ன?”

“நானூத்தி அறுபது கதை நான் தேடிப் படிச்சது. அதுக்குக் கூலி வாங்கிட்டேன். அந்த ஒண்ணு என் முட்டி சொன்னது. அதுக்கு விலை கிடையாது. தள்ளிட்டேன்.”

வழிகாட்டி நாற்பதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்த மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். மேஸ்திரி புகார்த் தாளை நாலாகக் கிழித்தார். மீதிக் கூலி இந்த ஜென்மத்தில் வராது என்று அவருக்குத் தெரியும். வீட்டில் அக்காளும் தம்பியும் சேர்ந்து அதற்கு ஒரு வாரம் பாட்டுப் பாடுவார்கள்.

சாலையில் நகராட்சி வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். வழிகாட்டி தொப்பியைச் சரி செய்தார். குடையை எடுத்தார். இரண்டு அடி வைத்தவர் திரும்பி வந்தார். 

“அப்ப… அறுபத்தெட்டாம் படியில நான் என்ன சொல்றது?”

பைக்காரம்மா நோட்டைப் பிரித்து, கடைசி வரியைக் குறுக்கே அடித்தார். பிறகு பக்கம் முழுவதற்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார்.

“மூச்சு வாங்கிக்கங்கனு சொல்லு. எல்லாருக்கும் அங்க வாங்கும். வழிய விடு, பின்னால பைக்காரங்க நிக்கறாங்க.”